பழைய வண்டிக்கு எது அழகு?

பழைய வீட்டைச் செப்பனிட நினைப்பவன் முதலில் கூரையைப் பார்ப்பான். சுவரில் விரிசல் உண்டா என்று தடவிப் பார்ப்பான். அதன் பிறகுதான் சுண்ணாம்பு அடிப்பான். சுண்ணாம்பை முதலில் அடித்துவிட்டுக் கூரையை மறந்தவன் முதல் மழையில் இரண்டையும் இழப்பான். இது நம் பாட்டிமார்களுக்கே தெரிந்த உண்மை. ஆனால் வீடு என்றால் நினைவுக்கு வரும் இந்த உண்மை, வண்டி என்றால் மட்டும் ஏனோ நம் இளைஞர்களுக்கு மறந்துபோகிறது!

நம் சங்கத்து நண்பர்கள் ஐவர் சேர்ந்து ஒரு பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கியிருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு வண்டி. பதினைந்து ஆண்டு முடிந்து, தகுதிச் சோதனை நடந்து, மேலும் ஐந்து ஆண்டுக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்ட வண்டி. ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு, ஐம்பதாயிரம் ரூபாயில் அதைச் 'சிறப்பிக்க'ப் போகிறார்களாம். விடுதி உணவுக்கூடத்தில் ஒரு வாரமாக இதே பேச்சு. பட்டியலும் தயார்: வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துவது, பருத்த டயர், முன்னால் இரும்புக் குழாய்ப் பம்பர், கூரையில் கேரியர், கேரியரில் விளக்கு வரிசை, நீரில் இறங்க ஸ்நார்க்கல் குழாய். அந்தப் பட்டியலை இருமுறை படித்தேன். பிரேக் என்ற சொல்லை அதில் காணவில்லை.

ஆகவேதான் இந்தக் கட்டுரை. வண்டி வாங்கியதை நான் குறை கூறவில்லை; வரவேற்கிறேன். நிலவியல் படிக்கும் எனக்கு, பேருந்து போகாத இடத்தில்தான் பாடமே தொடங்குகிறது. மேலும், நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவரின் மகள் நான். வண்டியின் மேற்பூச்சைக் கண்டு மயங்காமல் அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் எனக்குப் பிறந்த வீட்டில் வந்தது. அந்த உரிமையில் சில சொல்ல விரும்புகிறேன்.

வண்டி எத்தகையது?

ஜிப்ஸி 1985 டிசம்பரில் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தது. சுசுகியின் சிறிய ஜீப்பை நீட்டிச் செய்த வடிவம் அது. இராணுவம் அதை விரும்பி வாங்கியது. மலைப்பகுதிகளில் காவல்துறையும் வனத்துறையும் வாங்கின. கரடுமுரடான பாதைப் பந்தயக்காரர்களும் வாங்கினார்கள். ஏணி போன்ற இரும்புச் சேஸிஸ், நான்கு பக்கமும் ஸ்பிரிங் பட்டை, 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் தனிக் கியர், அதிலும் மெதுவாக ஏறுவதற்கென்று ஒரு தாழ்ந்த கியர், ஏறத்தாழ ஒரு டன் எடை, 21 சென்டிமீட்டர் தரை இடைவெளி. இத்தனையும் தொழிற்சாலையிலேயே தந்து அனுப்பியவை.

இனி, நாம் போகும் இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். இமயத்தின் உச்சியா? இல்லை. நம் பல்கலைக்கழகத்துக்கு வடக்கே தெரியும் சிவாலிக் குன்றுகள். பழங்காலத்து இமய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் கூழாங்கற்களும் இறுகிப் பாறையான குன்றுகள் அவை. அவற்றைப் பிளந்துகொண்டு வரும் ஓடைகளை இங்குள்ளோர் 'ராவ்' என்கிறார்கள். நம் ஊரில் காட்டாறு என்போமே, அதுதான். ஆண்டில் பெரும்பகுதி வெறும் கல்லும் மணலும், மழைக்காலத்தில் வெள்ளம். அந்த ஓடைக்கரைச் சிற்றூர்களுக்குப் போகும் மண் பாதை, கூழாங்கல் பரப்பு, ஓரிரு மணல் திட்டு, இவ்வளவே நம் பயணம். இதற்கு அந்த வண்டிக்குப் புதிதாக எந்த ஆற்றலும் தேவையில்லை. வயதினால் இழந்ததை மீட்டுத் தந்தால் போதும்.

என் கருத்தின் சாரம் இதுதான்: பழைய வண்டிக்குக் கூட்ட வேண்டியது குறைவு, மீட்க வேண்டியது மிகுதி.

முதல் செலவு டயருக்கே

ஐம்பதாயிரத்தில் பாதிக்குமேல் டயருக்குப் போனாலும் நான் வருந்தமாட்டேன். வண்டிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நான்கு உள்ளங்கை அளவு ரப்பரில் அடங்கியிருக்கிறது. நம் நண்பர்களின் டயரில் பள்ளம் நிறைய இருக்கிறது, ஆதலால் நல்ல டயர் என்கிறார்கள். பள்ளம் மட்டும் போதாது. பிறந்த நாளையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2314 என்றிருந்தால், 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கிழடாகும். காற்றும் வெயிலும் அதை இறுக்கிவிடும். பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புக் கண்டால் அந்த டயர் மலைக்கு ஆகாது.

எந்த டயர் வாங்குவது? நிறுவனம் குறித்த அளவிலேயே, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவாக அமைந்த வகை. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து. பருத்த டயர் போட்டால் வேகமானி பொய் சொல்லும்: விட்டம் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 65ஐ நெருங்கியிருக்கும். பிரேக்கும் அதே அளவுக்கு வலுவிழக்கும். ஏனெனில் சக்கரத்தின் ஆரம் நீளும்போது அதை நிறுத்தத் தேவையான முறுக்கு விசையும் கூடுகிறது.

மணலில் சிக்காமல் போக வேண்டுமா? அதற்குப் பணமே தேவையில்லை. காற்றைக் குறைத்தால் போதும். கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து வண்டி 1300 கிலோ என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ. டயரில் 28 பவுண்டு காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம். ஆகவே நிலத்தைத் தொடும் பரப்பு சுமார் 165 சதுர சென்டிமீட்டர். 18 பவுண்டாகக் குறைத்தால் அதே பரப்பு ஏறத்தாழ 255 ஆகிறது. அதே எடை ஒன்றரை மடங்கு பரப்பில் பரவுகிறது, மணல் தாங்கிக்கொள்கிறது. டயரின் சுவர் விறைப்பைக் கணக்கில் எடுத்தால் விடை சற்று மாறும், திசை மாறாது. ஆனால் ஒன்று: தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடித்தே ஆக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே ஒரு காற்றுப் பம்பும் ஓர் அழுத்தமானியும் வாங்குங்கள். விளக்கு வரிசையைவிட விலை குறைவு.

இரண்டாம் செலவு நிறுத்துவதற்கு

ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது பிரேக்கின் வேலை. மலையில் உயிர் போவது பெரும்பாலும் எங்கே என்று லாரி ஓட்டும் நம் மாமன்மார்களைக் கேட்டால், இறக்கத்தில் என்பார்கள்.

பிரேக் ஆயிலை நம்மில் பலர் மாற்றுவதே இல்லை, குறைந்தால் ஊற்றுகிறோம். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140தான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடு ஏறுகிறது. ஈரமான ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதிகட்டை அடிவரை போகும், வண்டி நிற்காது. இது இயற்பியல், விதியன்று. சில நூறு ரூபாயில் ஆயிலை முழுதும் மாற்றலாம். அதோடு பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஃபேன் பெல்ட், இவற்றையும் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கத்தையும் கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.

உயர்த்துவது எதற்கு?

"அக்கா, வண்டியை உயர்த்தாமல் கல்லைத் தாண்ட முடியுமா?" என்று இளவல் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. விடையை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் காணலாம். ஜிப்ஸியின் முன்னும் பின்னும் ஒரே துண்டான இரும்பு அச்சு. அதன் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய உருண்டைக் கூண்டு. கல் முதலில் இடிப்பது அந்தக் கூண்டைத்தான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயரும், அச்சு உயராது. கூண்டு இருந்த இடத்திலேயே இருக்கும்! மேட்டில் ஏறும்போது பம்பர் இடிக்காது என்ற பயன் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நம் கூழாங்கல் ஓடைகளில் தடை பம்பர் அன்று, கூண்டு.

உயர்த்துவதில் இன்னோர் ஆபத்து. சென்ற குளிர்காலத்தில் எங்கள் வகுப்பு கள ஆய்வுக்கு வாடகைக்கு எடுத்த ஜீப் ஒன்றை, யாரோ ஒரு பட்டறைக்காரர் நீண்ட ஷேக்கிள் போட்டு உயர்த்தியிருந்தார். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தபோது, பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. உயரத்தைக் கூட்டியவர் ஹோஸின் நீளத்தைக் கூட்டவில்லை. ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கியிருந்தால் அது அறுந்திருக்கும். அன்றைய ஆய்வு நின்றது, ஆட்கள் பிழைத்தோம்.

ஆகவே என் ஆலோசனை: தளர்ந்த ஸ்பிரிங் பட்டைகளை வளைவு தட்டிச் சீராக்குங்கள், தேய்ந்த புஷ்களை மாற்றுங்கள், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர்களைக் களையுங்கள். வயதினால் தாழ்ந்த வண்டி தன் பழைய உயரத்துக்குத் தானே எழுந்து நிற்கும். அந்த உயரமே போதும்.

கூரையும் குழாயும்

கூரைக் கேரியரைப் பற்றி ஒரு சிறு கணக்கு. சக்கரங்களுக்கிடையே அகலம் 130 சென்டிமீட்டர். எடையின் மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தின் பாதியை உயரத்தால் வகுத்தால் 0.93. அதாவது, ஏறத்தாழ 43 டிகிரி சாய்வில் வண்டி கவிழும். வண்டியை உயர்த்தி, கூரையிலும் மூட்டை ஏற்றி, மையம் 80க்குப் போனால் அந்த எண் 0.81, கோணம் 39 டிகிரி. நான்கு டிகிரிதானே என்று சிரிக்கலாம். ஒரு சக்கரம் கல்லிலும் மறுசக்கரம் குழியிலும் இருக்கும்போது அந்த நான்கு டிகிரிதான் நமக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வேலி. கூடாரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் வண்டிக்குள்ளே தாழ வையுங்கள்.

ஸ்நார்க்கல் குழாய் எஞ்சினுக்குள் நீர் புகாமல் காக்கும், உண்மை. ஆனால் வண்டி மிதப்பதை அது தடுக்காது. வண்டியின் அடித்தளப் பரப்பு நாலரை சதுர மீட்டர் என்றால், தளத்துக்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் நீரும் 450 கிலோ எடையைத் தூக்கும். 30 சென்டிமீட்டர் ஏறினால் 1350 கிலோ! ஆர்க்கிமிடீசை நாம் பள்ளியிலேயே படித்தோமே! அப்போது சக்கரத்துக்குப் பிடிமானம் ஏது? ஓடும் வெள்ளம் வண்டியைக் காகிதக் கப்பலாக்கிவிடும். மேலும், ராவில் வெள்ளம் வர நம் தலைக்குமேல் மழை பெய்ய வேண்டியதில்லை. மலைக்குள் பெய்தால் போதும். மழைக்காலத்தில் ராவுக்குள் இறங்காமை ஒன்றே வழி. எந்தக் குழாயும் இந்த விதிக்கு விலக்குத் தராது.

இரும்புக் குழாய்ப் பம்பர் பற்றிச் சட்டமே பேசியிருக்கிறது. அத்தகைய தடுப்புகளைப் பொருத்துவோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அந்த இரும்பு நம்மைக் காப்பதைவிட, எதிரே நடந்து வரும் ஏழையின் காலை முறிப்பதே மிகுதி. தயாரித்த நிறுவனம் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போவது நலம். பழைய வண்டிகளுக்குத் தில்லி வட்டாரத்தில் தனிக் கட்டுப்பாடு உண்டு என்பதையும், நீதிமன்ற ஆணைகளால் அது அவ்வப்போது மாறிவருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகுமுன் அன்றைய நிலையைக் கேட்டறியுங்கள்.

கூட்ட வேண்டியவை

கூட்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேஸிஸில் உறுதியாகப் பொருத்திய இழுவைக் கொக்கி முன்னொன்று, பின்னொன்று, நல்ல இழுவைப் பட்டை ஒன்று, மண்வெட்டி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், முதலுதவிப் பெட்டி. பட்டையை ஒருபோதும் பம்பரில் கட்டாதீர்கள். பிய்ந்த இரும்பு துப்பாக்கிக் குண்டுபோல் பாயும். இழுக்கும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாது. நான்கு சக்கர விசையைக் காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள்: வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், இந்த வண்டியில் அவற்றைப் பிரித்துவிட நடுவில் ஏற்பாடு இல்லை, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்குவதால் அந்த முறுக்கு அவிழ்ந்துவிடும்.

யாருடைய நிலம்?

இறுதியாக ஒன்று. வண்டி எவ்வளவு வலிமையாக இருந்தாலும், போகலாமா என்ற கேள்வி போக முடியுமா என்ற கேள்விக்கு முன்னே வர வேண்டும். நமக்கு அருகிலுள்ள பெருங்காடு ராஜாஜி தேசியப் பூங்கா. 1983இல் மூன்று சரணாலயங்களை இணைத்து அமைத்தது. 2015இல் புலிகள் காப்பகமானது. அது நம் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜகோபாலாச்சாரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது! தமிழ்நாட்டிலிருந்து வந்த நாம் அந்தப் பெயர்ப் பலகைக்கு அப்பால் இசைவில்லாமல் வண்டியை ஓட்டுவது முறையாகுமா? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்டிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காட்டுக்கு வெளியேயுள்ள ஓடைகளும் வெற்றிடங்கள் அல்ல. வன குஜ்ஜர் மக்கள் எருமைகளை ஓட்டி வரும் வழி அது. அவர்கள் நீர் அள்ளும் ஊற்றும் அதிலேயே இருக்கிறது. அந்த ஊற்றின்மேல் சக்கரம் ஏற்றிவிட்டு வந்து வீரம் பேசுவதில் பெருமை ஏது?

இங்கே நம்மைப் பெயர் சொல்லி அறிந்தவர் சிலர். 'மதராஸிப் பிள்ளைகள்' என்று அறிந்தவர் பலர். ஒருவர் செய்த நன்மையும் தீமையும் நம் அனைவர்மீதும் எழுதப்படும். கூரையில் பன்னிரண்டு விளக்கு எரிய, பாட்டு அலற, நள்ளிரவில் ஒரு சிற்றூரைக் கடந்துபோகும் வண்டி அங்குள்ளோர் நெஞ்சில் எதை விட்டுச்செல்லும்?

"அப்படியானால் அழகே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், நண்பர்களே! வேண்டும். ஆனால் எது அழகு? மிதித்தவுடன் நிற்பது அழகு. பாரத்தோடு வளைவில் சாயாமல் திரும்புவது அழகு. பதினேழு வயது எஞ்சின் கொதிக்காமல் ஏறுவது அழகு. போனவர் அத்தனை பேரும் திரும்பி வந்து, மறுநாள் காலை வகுப்பில் தூங்கி வழிவது மிகப் பேரழகு!

ஐவருக்கும் என் வேண்டுகோள் இது. பட்டியலைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதுங்கள்: டயர், பிரேக், ஹோஸ், புஷ், ஷாக் அப்சார்பர், கொக்கி, பம்பு. எல்லாம் முடிந்து மிஞ்சியதைப் பெட்ரோலுக்கு வையுங்கள். ஒரு குறிப்பேடும் போடுங்கள். எதை எப்போது மாற்றினோம் என்று அதில் எழுதுங்கள். நீங்கள் பட்டம் பெற்றுப் போனபின் அந்த வண்டியை ஓட்டப்போகும் தம்பி தங்கையர் அதைப் படிப்பார்கள்.

வேலை தொடங்கும் ஞாயிறன்று எனக்கும் சொல்லி அனுப்புங்கள். பத்தாம் எண் ஸ்பானரும் பழந்துணியும் நான் கொண்டு வருகிறேன்.